பௌலோஸ் வண்டியின் ஒற்றை மணி

ராத்திரி ஒன்பதே முக்கால். கட்டப்பனை தாண்டி ஏலக்காட்டு ஏற்றம்... முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் இல்லை. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். கடைசி பஸ்ஸை ஓட்டியவர் பௌலோஸ், என் மச்சானின் சித்தப்பா. பயணிகள் எல்லாரும் இறங்கியாகிவிட்டது. பக்கத்தில் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்து கண்டக்டர் சுகதன் அழுதுகொண்டிருந்தான். அப்பா செத்துப் பதினாறு நாள் முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

ஆறுதல் சொல்வதில் பௌலோஸ் கெட்டிக்காரர். சாவு வீட்டுக்கு முதலில் ஓடி வந்தவரே அவர்தான். சிதைக்கு வீட்டு மாமரத்தை வெட்டக் கோடாலி எடுத்தவரும் அவர்தான். இப்படியொரு சிநேகிதன் கிடைப்பானா என்று ஊரே மெச்சியது. எனக்குச் சொல்லவே வாய் கசக்கிறது.

மனுஷன் குடித்தால் மட்டும் உண்மையைச் சொல்வார். சுகதனின் அப்பா செத்த ராத்திரி, கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்று டார்ச்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். மகனுடைய பஸ்ஸில் ஏறினால் ஆஸ்பத்திரி போய்விடலாம். சுகதன் கடைசி சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பௌலோஸ் பார்த்தார். யாரென்றும் தெரிந்தது. ஏற்றத்தில் நிறுத்தினால் எடுக்கச் சிரமம், வீட்டில் மீன்கறி ஆறிவிடும்... நிறுத்தாமல் போய்விட்டார். விடிந்தபோது கிழவர் அங்கேயே கிடந்தார். கையில் டார்ச் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அதே வளைவு.

"சேட்டா, அன்னைக்கு அப்பா இங்கதான் நின்னிருக்காரு. நீங்க பாத்தீங்களா?"

"இல்லடா மோனே. பாத்திருந்தா விட்டுட்டு வருவேனா? எனக்கும் அப்பன் மாதிரிதான்டா அவரு."

டிங்.

பின்னாலிருந்து... ஒரே மணி. ஒன்று அடித்தால் நிறுத்தணும், இரண்டு அடித்தால் எடுக்கணும். அடிக்க வேண்டியவனோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

பௌலோஸின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்படி கிறீச்சென்றது. தைல வாசனை... நெஞ்சுக்குத் தடவுகிற தைலம். யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக உட்காரும் சத்தம்.

டிங்... டிங்.

சுகதன் அழுகையை நிறுத்திவிட்டான். பின்னால் திரும்பவில்லை. பௌலோஸையே பார்த்துக்கொண்டு வந்தான். ஸ்டாண்டு வந்ததும் பையைத் தோளில் மாட்டினான்.

"அப்பாவோட தைலம் எனக்குத் தெரியாதா சேட்டா? இனிமே எனக்கு ஆறுதல் சொல்ல வராதீங்க."

பௌலோஸ் அப்புறம் மூன்று பஸ் மாறிவிட்டார். எதில் ஏறினாலும் அந்தத் தைல வாசனை. கிழவர் இறங்குவதற்கு ஒரு மணி கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுகிறார். ஏழு வருஷம் ஆகிறது... இன்னும் அடிக்கவில்லை.