பூஜ்யம் மட்டும் விழவில்லை

பலரும் டச் ஸ்கிரீனைப் போட்டு அழுத்தோ அழுத்தென்று அழுத்துகிறார்கள், சார். தேவையே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இழைகளால் ஒரு வலை இருக்கிறது. அதில் துளியூண்டு மின்சாரம். விரல் பட்டதும் நம் உடம்பு அதில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். எங்கே குறைந்தது என்று பார்த்து, தொட்ட இடத்தைப் போன் கண்டுபிடித்துவிடும். சும்மா பட்டால் போதும்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினோரு வருடமாக செல்போன் பழுது பார்க்கிறேன். எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் மாலதி வேலை செய்கிறாள். பிப்ரவரியில் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. சிரித்தாள். அன்று இரண்டு பேர் போனுக்கு மூடியை மாற்றிப் போட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் அருண்பாண்டியனோடு வந்தாள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்தவன். கிள்ளைப் பக்கம் அப்பா சடையப்பனோடு இறால் குட்டை பார்க்கிறான். அவன் போன் திரை நொறுங்கியிருந்தது.

"அண்ணே, சீக்கிரம் போட்டுக் குடுங்க. நான் கூப்ட்டா இவுரு எடுக்கணும்ல," என்றாள்.

எடுக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான். புதுத் திரையில், கீழ்ப்பக்கத்துக்குப் போகும் இழைகளை பிளேடால் கீறினேன். அவள் கூப்பிடுவாள், இவனால் எடுக்க முடியாது, சண்டை வரும், என்னைத் தேடி வருவாள். சரிபார்க்க எண்களைத் தொட்டேன். ஒன்று விழுந்தது. எட்டு விழுந்தது. பூஜ்யம் மட்டும் விழவில்லை. பச்சைப் பொத்தானும் செத்திருந்தது. சுத்தமான வேலை. விசிலடித்துக்கொண்டே மூடினேன்.

நான்காம் நாள் அவன் வந்தான்.

"மச்சான், கீழ தொட்டா வேலையே செய்யல. அப்பாவுக்கு வேற நெஞ்சு நோவு. அவசரத்துக்கு போன் வேணுமே."

"ஈரக் கையால தொட்டா அப்படித்தான். கண்ணாடி கொழம்பிப் போவும். தொடச்சிட்டுத் தொடுங்க," என்றேன்.

அது உண்மையும்தான், சார். தண்ணீரும் மின்சாரத்தை இழுக்கும். தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

அடுத்த வாரம் சடையப்பன் குட்டைக் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் மகன் மட்டும். நூற்றெட்டை அழைக்க, கையைத் துடைத்துத் துடைத்துத் தொட்டிருக்கிறான். பிறகு போனை எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். ஆள் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கேட்டதும் வருத்தமாகத்தான் இருந்தது. கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் என் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

நேற்று மாலதி நான் நினைத்தபடியே சாலையைக் கடந்து வந்தாள். தனியாக.

"கடலூர்ல வேற கடையில காட்டுனோம். யாரோ பிளேடால கீறியிருக்காங்கன்னு சொன்னாங்க. உங்க பேரு என்ன?"

ஐந்து மாதத்தில் முதல்முறையாக என் பெயரைக் கேட்டாள், சார். இளவரசு என்று நிதானமாகச் சொன்னேன். அங்கேயே நின்று எழுதிக்கொண்டாள். உங்கள் கையில் இருக்கும் புகாரில் அது அவள் கையெழுத்துதான். எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறாள், பாருங்கள்.