ஒருவர் கண், ஒருவர் கால்

என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பவர் சரியாகத்தான் இருக்கும். கண்ணாடியைத் துடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் துடைத்துக் கையில் கொடுத்தால், "அட, இப்ப நல்லாத் தெரியுதே" என்பார்கள். சிரித்து அனுப்பிவிடுவேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை, இன்ஸ்பெக்டர். ஊரில் விசாரித்துப் பாருங்கள், என்னைப் பற்றித் தப்பாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பறவைக் குழுவோடு பருந்து பார்க்கப் போவேன். கைவிடப்பட்ட கல்குவாரியின் மேட்டு விளிம்புதான் எங்கள் இடம். வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து சூடான காற்று கிளம்பும். அதில் சவாரி செய்ய அவை வரும்.

உயரத்தில் பறப்பதன் நிறத்தை நம்பக்கூடாது. வெயில் சாய்ந்தால் நிறமும் மாறிவிடும். நடத்தை மாறாது. காத்தாடி என்று நாங்கள் பேர் வைத்திருக்கும் வெளிர்நிறப் பருந்து, ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும், கீழே எலி அசையும்வரை. ராஜாளி அப்படி நிற்காது. அது வருகிறது என்றால் குவாரிச் சுவரில் இருக்கும் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிவிடும். ராஜாளியை நாம் பார்க்கத் தவறலாம், புறா தவறாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருவது இதுதான்: பேரை விடு, நடத்தையைப் பார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் தனியாக அங்கே ஒரு சாம்பல் ராஜாளியைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் அதன் படத்தை மாட்டி, கீழே பித்தளைப் பலகையில் என் பேரைப் போட்டார்கள். ஊரில் எனக்கு 'ராஜாளிக்காரர்' என்றே பேர் வந்துவிட்டது. அந்தப் பலகையை எத்தனை முறை போய்ப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

என் தங்கை புருஷன் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டர். கல்யாணமான வருடமே என்னோடு குவாரிக்கு வரத் தொடங்கிவிட்டார். முதல் பைனாகுலரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "ரெண்டு பேரும் அண்ணாந்துக்கிட்டே திரியுங்க. கழுத்து சுளுக்கினா என்கிட்ட தைலம் கேட்டு வராதீங்க" என்பாள் தங்கை. கேட்டுப் போவோம், தேய்த்தும் விடுவாள்.

எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதைப் போட்டவனும் நானே. விளிம்பிலிருந்து பத்துக் காலடி தள்ளிப் பாறையில் வெள்ளைக் கோடு அடித்திருக்கிறோம். பைனாகுலரில் கண்ணை வைத்தவனுக்குத் தன் கால் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கண், ஒருவர் கால். கண் பார்க்கும். கால் நோட்டில் எழுதும், மற்றவர் கோட்டை நெருங்கினால் "கால்" என்று குரல் கொடுக்கும். கேட்ட மாத்திரத்தில் நின்றுவிட வேண்டும். பதினைந்து வருடத்தில் ஒருவருக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது.

அருங்காட்சியகம் புதுச் சுவருக்கு அந்த ராஜாளியின் பெரிய படம் கேட்டிருந்தது. வரைவதற்காக என் பழைய நோட்டை மாப்பிள்ளை வாங்கிப் போயிருந்தார். ஒரு புதன்கிழமை மாலை கடைக்கு வந்தார். கடைசி வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"மச்சான், நீங்க எழுதினதை நீங்களே படிங்க."

படித்தேன். என் கையெழுத்துதான். 'ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் சிறகடித்து நின்றது. புறாக்கள் நகரவில்லை.'

"இது ராஜாளி இல்ல மச்சான். நம்ம காத்தாடி."

நான் நோட்டை மூடினேன்.

"நீங்களே குழுவுக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்க. நீங்க சொன்னாத்தான் மரியாதை. இதுல என்ன இருக்கு, ஆனைக்கும் அடி சறுக்கும்."

"அதுக்கென்ன மாப்ள, எழுதிடலாம்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என்னை அவமானப்படுத்த அவர் நினைக்கவே இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். அவர் கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு அவர் கண், நான் கால். மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்தபடியே பின்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டினார். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வாயைத் திறக்காததற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது.

உங்களிடம் அன்றைக்கு வேறு மாதிரி சொன்னேன். ராஜாளி வந்தது, பார்த்துக்கொண்டே பின்னால் போனார், நான் குரல் கொடுப்பதற்குள் விழுந்துவிட்டார் என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். தங்கைக்கும் அதையேதான் சொன்னேன். சாம்பல் ராஜாளி என்றேன். கடைசியாக அவர் பார்த்தது நல்ல பறவையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் ஆறுதலுக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே நம்ப வைத்தேன். குழு அதைப் பதிவில் ஏற்றியது. பார்த்தவர்கள் இரண்டு பேர். என் பழைய பதிவுக்கும் அதனால் பலம் கூடியது. செத்தவருடைய சாட்சியை யார் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார்கள்.

அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கை தினமும் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். புருஷனைப் பறிகொடுத்தவள், எனக்கு. அந்த டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு இருந்த குற்ற உணர்ச்சியை உங்கள் தாளில் எழுத முடியாது.

நேற்று அவளே வந்தாள். "அண்ணே, அந்த நோட்டுல அன்னிக்கு எழுதின பக்கத்தைக் கொடுங்க. அவர் போட்டோவுக்குக் கீழ சட்டம் போட்டு மாட்டணும்."

எப்படியும் ஒருநாள் கேட்பாள் என்று முந்தின இரவே அதில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பத்து இருபதுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். வராத பறவையை வந்தது என்று எழுத என் கை வரவில்லை. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

'10.20. மேற்குக் காற்று. வானம் காலி. சுவரில் நாற்பது புறாக்கள், அசையவில்லை.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"நீங்க எனக்குப் போன் பண்ணினது பத்து இருபத்திரண்டுக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"ராஜாளி வந்தா புறா உக்காந்திருக்குமாண்ணே?"

இத்தனை வருடம் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டு வளர்ந்த காது. அவள் அழவில்லை, கத்தவில்லை. மேசைமேல் இருந்த சாப்பாட்டு டப்பாவை, நான் இன்னும் திறக்காததை, எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அவர் கடைசியா என்ன சொன்னாருன்னாவது நெஜத்தைச் சொல்லுங்க" என்றாள். நான் டப்பா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டாள்.

அதனால்தான் இன்று காலை நானாகவே வந்தேன். நானாகவே என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

இல்லை, வேண்டாம். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். 'கால்' என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றேனே, அதையும் அடித்துவிடுங்கள். அவர் தானாகக் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். நான் பத்து இருபது வரியை எழுதி முடித்தேன், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன், பிறகு சொன்னேன்: "மாப்ள, சாம்பல் ராஜாளி. நேரா உங்க தலைக்கு மேல. பின்னாடி போங்க, இன்னும், இன்னும் போங்க, நான் பாத்துக்கறேன்." வானத்தில் ஒரு ஈ கூட இல்லை.

தங்கை கேட்டதற்குப் பதிலை நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் போய்க்கொண்டே அவர் சொன்னது இதுதான்: "என் கண்ணுல இன்னும் படல மச்சான். ஆனா சந்தோஷமா இருக்கு, உங்க பேர் அந்தப் பலகையில அப்படியே இருக்கும்."