கைதட்டல் முடியும் வரை

விருது விழாக்களில் எனக்குப் பிடித்தது கைதட்டல்தான். யாருக்கு எந்த விருது என்பது மறுநாளே மறந்துவிடும். கைதட்டல் மட்டும் மழைபோல வந்து வீட்டின் மற்ற சத்தங்களையெல்லாம் மூடிவிடும்.

என் பெயர் டாய்மி. வயது இருபத்து நான்கு. எங்கள் ஊர் மத்தான்சாஸில் பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் வகுப்பு. வகுப்பு ஆசிரியை தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்வார். நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு எழுத வேண்டும். நான் அப்படித்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சந்தேகம் வந்துவிடும், திருத்துவேன். அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமையின் பக்கத்தை நான்கு முறை திருத்திவிட்டேன். இது ஐந்தாவது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா எவெலியோ, தையல்காரர். நுரையீரல் கெட்டு மூன்று வருடமாக ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். எங்கள் தெருவில் மின்சாரம் பெரும்பாலும் இருக்காது. அதற்காக அக்கா மைலின் ஸ்பெயினிலிருந்து ஒரு பேட்டரியும் இன்வர்ட்டரும் அனுப்பியிருந்தாள். இன்வர்ட்டரில் இரண்டு சாக்கெட். ஒன்று கருகிவிட்டதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். அனுப்பியது அக்கா. மின்சாரம் எப்போது எட்டிப் பார்த்தாலும் ஓடிப்போய் அதைச் சார்ஜில் போட்டது நான். குறையாகச் சொல்லவில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன்.

மைலின் போய் ஏழு வருடமாகிறது. அங்கே சினிமாவுக்கு உடை தைக்கிறாள். அந்த வருடம் ஆடை அலங்கார விருதுக்கான ஐந்து பேர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. விழா அவர்களுக்கு இரவு, எங்களுக்குச் சாயங்காலம். 4.10க்கு மின்சாரம் போனது. மெஷினை இன்வர்ட்டரில் மாட்டினேன்.

பேட்டரி இருக்கிற வீட்டில் டிவி ஓடும் என்றால் தெருவே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்துவிடும். பக்கத்து வீட்டு மிக்தாலியா அக்கா முதலில் வந்தாள். தெருமுனையில் மேசை போட்டு, கட்டைகளை டொக்கென்று அடித்து டோமினோ ஆடுகிற ரிகோபெர்த்தோவும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் பின்னால் வந்தார்கள்.

"மெஷினைப் பிடுங்கிட்டு டிவியப் போடு, கண்ணு," என்றார் அப்பா. "அவ மொகத்தைப் பாக்கணும். அரை மணி நேரம் தாங்குவேன்."

அசையாமல் உட்கார்ந்திருந்தால் அரை மணி நேரம் தாங்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்பாவைக் கூடத்துக்குக் கூட்டிவந்து டிவிக்கு எதிரே உட்காரவைத்தேன்.

"எவெலியோ, பொண்ணு தோத்தா சொல்லு, நாங்க எல்லாரும் சேந்து அழுறோம்," என்றார் ரிகோபெர்த்தோ.

"நீ டோமினோல தோத்தாலே அழுவியேப்பா. உனக்கு என்ன புதுசா?"

5.20க்குப் பிளக்கை மாற்றினேன். நோட்டு என் மடியில் இருந்தது. 5.38க்கு மைலின் பெயரைச் சொன்னார்கள். கூடத்தில் நாற்காலிகள் உருண்டன. அவள் பச்சை உடையில் மேடையேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பேசினாள்.

"இது எங்கப்பாவுக்கு. அவர் மிஷின்லதான் தைக்கக் கத்துக்கிட்டேன். ஏழு வருஷமா அங்க தனியா இருக்கார். யாருமில்லாம இதைத் தனியா பாத்துட்டு இருப்பார்."

மிக்தாலியா அக்கா என் பக்கம் திரும்பினாள். "தனியாவா? அப்ப நீ யாருடி, இந்த வீட்டுப் பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியதால் பேசாமல் இருந்திருக்கலாம்.

5.44க்கு அவரை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

"போதும் கண்ணு, பாத்துட்டேன். இனி மெஷினப் போட்டுடு."

"இதோ போடறேன்ப்பா."

கூடத்து மெஷினிலிருந்து வரும் நீளக் குழாயை அவர் மூக்கில் சரியாகப் பொருத்தினேன். அப்போது அதில் காற்று இல்லை. தலைமாட்டில் அவருடைய தகரக் குவளையை வைத்தேன். கத்திக் கூப்பிட முடியாது என்பதால் கட்டில் கம்பியில் குவளையால் தட்டித்தான் என்னை அழைப்பார். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து இன்வர்ட்டர் முன்னால் குனிந்தேன். கை பிளக்கில் இருந்தது.

அந்த நேரத்தில் மைலினை மறுபடி காட்டினார்கள். மேடைக்குப் பின்னால் நிருபர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். திருத்திச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. நானே ஒரு பக்கத்தை நான்கு முறை திருத்துகிறேன். தங்கை இருக்கிறாள், அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரே ஒரு வாக்கியம். அது வரும்போது டிவி அணைந்திருக்கக் கூடாது. முடிக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன்.

"என்னடி அது, டொக்கு டொக்குன்னு?" என்றாள் மிக்தாலியா அக்கா.

"முனையில டோமினோ ஆடறாங்கக்கா."

ரிகோபெர்த்தோ திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில் டோமினோ ஆடுகிற நான்கு பேரும் எங்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். வேறு தெருக்காரர்கள் என்று நினைத்திருப்பார். மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைலின் துணிகளைப் பற்றிப் பேசினாள். சாயம் போட்டவருக்கும் பித்தான் தைத்த பெண்ணுக்கும் நன்றி சொன்னாள். பித்தான் தைத்தவளின் பெயரை முழுதாகச் சொன்னாள். அதன் பிறகும் விழா இருந்தது. அவளை மறுபடி மேடைக்கு அழைத்தாலும் அழைக்கலாம். கடைசியில் சிறந்த படத்துக்கு அரங்கமே எழுந்து நின்றது. எங்கள் கூடத்திலும் தட்டினார்கள். அது ஓய்ந்தபோது வீடு மிக அமைதியாக இருந்தது.

6.20க்குப் பிளக்கை மாற்றினேன். மெஷின் உடனே ஓடியது.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். இன்வர்ட்டரில் அப்போதும் சார்ஜ் காட்டும் மூன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அப்பா கடைசியா என்ன சொன்னார்?" என்று அக்கா போனில் மூன்று முறை கேட்டுவிட்டாள். "பாத்துட்டேன்னு சொன்னார்," என்றேன். அது உண்மை.

கட்டிலைக் கொடுத்துவிட்டேன். குவளை மிக்தாலியா அக்காவிடம் இருக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாள். ஆனாலும் மின்சாரம் போனதும் உள்ளறையில் கம்பி அதிர்கிறது. அப்போது ஆக்சிஜன் மெஷினை ஓடவிடுகிறேன். குழாயின் நுனி வெறும் தரையில் கிடக்கும். அந்த இரைச்சலில்தான் தூங்க முடிகிறது.

நான் கெட்டவளா என்று எனக்கே சந்தேகம் வரும். அப்போதெல்லாம் இந்தப் பக்கத்தை எடுத்துப் படிப்பேன். ஐந்து முறையும் நான் மாற்றாத வாக்கியம் ஒன்று இதில் இருக்கிறது: முதலில் தட்டியது மட்டும்தான் கேட்டது, மற்றதெல்லாம் கைதட்டலில் மூழ்கிவிட்டது. அதன் கீழே, விழா ஓடிக்கொண்டிருந்தபோதே பென்சிலால் குறித்துவைத்தது இருக்கிறது. வரிசைக்காக அதையும் எழுதிவிடுகிறேன்.

5.51 – இரண்டு. 5.55 – மூன்று. 6.04 – ஐந்து. 6.11 – ஒன்று, மெதுவாக.