தட்டையான ஓரம்

இல்ல, டீ வேணாம் மாமா. குடிச்சா நன்றி வந்துடும், அப்புறம் உங்ககூட சண்டை போட முடியாது. சண்டை போடத்தான் வந்திருக்கேன். பையிலயா? என்னோட சாமான்தான். ஓ, எங்க வீட்டு ஆளுங்க யாரு வந்தாலும் பையைச் சோதிக்கணும்னு அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுட்டீங்களா? போட்டிருப்பீங்க, தலைவராச்சே.

நோட்டீஸ் பிரமாதம். எங்க கடைக் கண்ணாடியில, தெருவுல போறவங்க நின்னு படிக்கிற உயரத்துல, நாலு மூலைக்கும் டேப் அடிச்சு ஒட்டியிருக்காங்க. விளையாட்டுக் கார்டு விற்பனையாளர் சங்கத்துலேர்ந்து எங்கப்பாவை நீக்கியாச்சு. ஃபுட்பால் வீரர் படம் போட்ட கார்டு பத்து உள்ள வச்சு சீல் பண்ணின பாக்கெட்டைப் பிரிச்சு, திரும்ப ஒட்டி வித்தாரு. கடைசி வரியில நம்பிக்கைத் துரோகம்னு தடி எழுத்துல. அந்த வார்த்தை நீங்க சேர்த்ததுதானே? தெரியும். பத்து வயசுலேர்ந்து உங்களை மாமான்னு கூப்பிடுறேன், உங்க நடை தெரியாதா?

கோவம் இல்ல மாமா, சந்தேகம். நம்பிக்கையைப் பத்திப் பேசுறீங்களே, அந்த மேசைக்கு அடியில துணி போட்டு மூடியிருக்கே, அது என்ன? தராசு. நகைக்கடைத் தராசு. இங்க யாரு மோதிரம் வாங்க வர்றாங்க? ஒவ்வொரு பாக்கெட்டையும் எடை போட்டு, ரெண்டு கிராம் கூட இருந்தா உள்ள வீரரோட ஜெர்சித் துணி ஒட்டின, விலை கூடின தடிமனான கார்டு இருக்கும்னு தனியா எடுத்து வச்சிடுவீங்க. அதெல்லாம் உங்களுக்கு வேண்டிய ஆளுங்களுக்கு. மிச்சம் கண்ணாடிப் பெட்டியில, பொதுமக்களுக்கு. சின்ன வயசுல உங்க கடையில நான் பன்னெண்டு பாக்கெட் வாங்கியிருக்கேன். ஒண்ணுல கூட துணிக் கார்டு வரல. அடுத்த தடவை வரும்மான்னு தலையைத் தடவிக் குடுத்தீங்க. எனக்கு ராசி இல்லன்னு நானும் நம்பினேன் மாமா. ராசி மேசைக்கு அடியில இருந்திருக்கு.

ஆமா, நீங்க பிரிக்கல. ஒத்துக்கிறேன். எடை போட்டீங்க, கட்டைவிரலால அமுக்கிப் பாத்தீங்க, ஆனா பிரிக்கல. ரொம்ப ஒழுக்கம்.

சரி, வழக்குக்கு வரேன். போன வருஷத்துப் பாக்கெட்டை ஒருத்தர் எங்க கடையில வாங்கி, உங்க முன்னாடி பிரிச்சாரு. உள்ள இந்த வருஷம்தான் டீம்ல சேர்ந்த கோல்கீப்பர் உக்காந்திருக்காரு. காலத்தைத் தாண்டிக் குதிச்சு வந்துட்டாரு மனுஷன். சரி, பிரிச்சிருக்காங்க, நான் மறுக்கவே இல்ல. ஆனா பத்து கார்டும் இருந்துச்சா? இருந்துச்சு. துணிக் கார்டு? அதுவும் இருந்துச்சு! திருடன் பூட்டை உடைச்சு உள்ள வந்து, ஒண்ணும் எடுக்காம, ஒரே ஒரு நாற்காலியை இடம் மாத்திப் போட்டுட்டுப் போவானா? ஏழு பேர் கொண்ட கமிட்டி. ஏழு பேர்ல ஒருத்தருக்கும் இது தோணலையே, அதான் என் ஆச்சரியம்.

அப்பாவே ஒத்துக்கிட்டாருன்னு சொல்லாதீங்க. என்ன கேட்டீங்க அவர்கிட்ட? ஏன் பண்ணீங்கன்னு கேட்டீங்களா? எதால ஒட்டினீங்கன்னாவது? பாக்கெட் ஓரத்தை ஃபோட்டோ எடுத்து, பெருசாக்கி மேசையில வச்சீங்க. ஃபேக்டரியில போட்ட வரிவரியான மடிப்பு இல்லாம, தட்டையா, பளபளன்னு, குறுக்க மெல்லிசா ஒரு கோட்டோட இருந்துச்சு. அப்பா அதையே ரெண்டு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் பேனா இருக்கான்னு கேட்டாரு. அவ்வளவுதான், நானே செய்தேன்னு எழுதி கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்க எல்லாரும், பாத்தியா மாட்டிக்கிட்டான்னு வீட்டுக்குப் போயிட்டீங்க. முப்பது வருஷப் பழக்கம். பில்லு தப்பாப் போட்டாக்கூட தானே திரும்பி வந்து சொல்ற ஆளு. அவரு ரெண்டு நிமிஷம் எதைப் பாத்தாருன்னு உங்களுக்குத் தோணவே இல்ல.

இருங்க, சொல்லிடுறேன். மூணு வாரம் முன்னாடி சாப்பிடும்போது எனக்கும் அப்பாவுக்கும் ஒரு விவாதம். ஃபேக்டரி சீலைப் பிரிச்சா எப்படியும் தெரிஞ்சிடும்னு அவரு. தெரியாம ஒட்டலாம்னு நான். எங்க வீட்டுல இது சாதாரணம், உப்பு போதுமான்னு கேட்டாலே ரெண்டு பக்கமும் வாதம் நடக்கும். மறுநாள் போன வருஷத்துது ஒண்ணு, இந்த வருஷத்துது ஒண்ணு, ரெண்டு பாக்கெட்டைக் கடையிலேர்ந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பிரிச்சேன். கார்டெல்லாம் கட்டில்ல பரப்பினேன். திரும்பப் போட்டு ஒட்டினேன். அவர்கிட்ட நீட்டி, எதைப் பிரிச்சேன்னு சொல்லுங்க பாப்போம்னு கேக்கணும். கடையில கூட்டமா இருந்துச்சு, அப்புறம் கேட்டுக்கலாம்னு மத்த பாக்கெட்டோட பெட்டியிலயே வச்சுட்டு பரிட்சைக்குப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள வித்துப்போச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் மாமா. கோல்கீப்பர் மாறி உக்காந்தது தெரியாது எனக்கு.

அப்பா சொன்னதுதான் சரி. கண்டுபிடிச்சிட்டீங்க. ஆளைத்தான் தப்பாப் பிடிச்சிட்டீங்க.

இன்னிக்குக் காலையில நான் தலை வாரிட்டு இருந்தேன். வாசப்படியில நின்னு பாத்தாரு. உன் முடி அப்படியே அழகாத்தான் இருக்கு, அந்த மெஷினைத் தூக்கிப் போட்டுடேன்னாரு. 

பையில என்னன்னு கேட்டீங்களே, இதுதான். சூட்டுல முடியை நேராக்குற மெஷின், பாக்கெட் ஓரத்தையும் உருக்கி ஒட்டும். போன பிறந்தநாளுக்கு அவரே வாங்கிக் குடுத்தது. கீழ போட்டு உடைச்சப்போ ஸ்குரூ டிரைவர் வச்சு சரி பண்ணதும் அவரே. இந்தத் தகட்டுல ஒரு கீறல் இருக்கு பாருங்க. உங்க ஃபோட்டோவை எடுங்க, பக்கத்துல வைங்க. அதே கோடு.

எங்கப்பா தலையைப் பாத்திருக்கீங்கல்ல? முப்பது வருஷமா வழவழன்னு இருக்கு. அந்தத் தலைக்கு இது எதுக்கு மாமா?

பேனா இருக்கா?