நேற்றுச் சேர்ந்த சார்ஜன்

பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் ஒரு சார்ஜனும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேனாம்," என்றார் சார்ஜன் மனைவியிடம். நிமிர்ந்து பார்த்தேன். தலை முழுக்க நரை.

"யாருங்க சொன்னா?"

"ஆபீஸ்லதான். போலீஸ்லேர்ந்து இப்ப இருக்குற படைக்கு இரவலா அனுப்புனாங்க. நேத்து இங்கேயே நிரந்தரமா எடுத்துக்கிட்டாங்க. எடுத்த நாள்லேர்ந்துதான் சீனியாரிட்டியாம். பழைய சர்வீஸ் செல்லாதாம்."

"அப்ப உங்களுக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்டர் பதவி?"

"குமாருக்குப் போச்சு. எனக்குக் கீழ இருந்தவன். காலையில அவனுக்கு சல்யூட் அடிச்சேன்."

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"அவன் என்ன சொன்னான்?"

"'அண்ணே, கைய இறக்குங்க, வெக்கமா இருக்கு'ன்னான்."

"நல்ல பையன்லா."

"நல்ல பையன்தான். அதான் அவனைத் திட்டக்கூட முடியல. இந்த உத்தரவைப் போட்டு வெக்கப்பட வேண்டியவன் ஏர்கோன் ரூம்ல உக்காந்திருக்கான்."

"நாளைக்கும் குமாருக்கு சல்யூட் அடிப்பீங்களா?"

"அடிப்பேன். அந்த ரூம் ஜன்னலுக்கு நேரா நின்னு தினமும் அடிப்பேன். உள்ள இருக்குறவன் பாக்கட்டும்."