கணக்கில் வராத நாற்பத்திரண்டு வீடுகள்

நான் தண்ணீரை வீணாக்குகிற ஆள் இல்லை. பல் துலக்கும்போதுகூடக் குழாயை மூடிவிடுவேன். ஈப்போ அலுவலகத்தில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள்.

ஆற்று நீரை யாருக்கு எவ்வளவு விடலாம் என்று கணினி மாடல் போட்டுச் சொல்வது என் வேலை. மேலே தொழிற்பேட்டை, கீழே நெல் வயல்கள். நடுவில், மூடிப்போன ரப்பர்த் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களில் நாற்பத்திரண்டு குடும்பங்கள். அவர்களுக்கு மீட்டர் கிடையாது. ஆற்றிலிருந்து பிரியும் ஓடையிலிருந்து வரும் பழைய பொதுக்குழாய்தான். அந்தக் குழாயில் குடித்து வளர்ந்தவன் நான்.

தொழிற்பேட்டைக்காரர்களும் விவசாயிகளும் எட்டு மாதம் மல்லுக்கு நின்றார்கள். லயங்களுக்காக அந்த ஓடையை எப்போதும் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் பங்கு கட்டுப்படியாகவில்லை. மாடலில் ‘பதிவில்லாத வீடுகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாற்பத்திரண்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். ஓடை முழுவதும் பங்குக்குக் கிடைத்தது. கணினியே சொல்லிவிட்டது என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வறட்சி வந்ததும் ஓடையின் மடையை மூடினார்கள். மூன்றாம் நாள், லயத்துக் காளியம்மா அக்கா போன் செய்தார். எல்லாரும் மாவட்ட அலுவலக வாசலில் போய் உட்காரப்போவதாகச் சொன்னார். அவர்கள் வந்தால் யாராவது அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன்.

“வேணாங்க்கா. ரெண்டு நாள்ல தண்ணி வந்துரும்.”

“நீ சொன்னா சரிதான்லா தம்பி. நம்ம லயத்துப் புள்ள, பொய்யா சொல்லப்போற?”

கிளம்பி நின்றவர்களை அவரே திருப்பி அனுப்பினார். இரண்டு நாள் கழித்தும் கேட்டார். இன்னும் இரண்டு நாள் என்றேன். அதற்குப் பிறகும் அதையே சொன்னேன். அதுவரை, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையில் தண்ணீர் மொண்டுகொண்டார்கள். பதினோராம் நாள் கரை சரிந்து காளியம்மா அக்கா மூழ்கிப்போனார்.

சாவுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் மாயாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருவனாவது அவர்களுக்காகப் பேசினேனே என்று அழுதார். நான் மறுக்கவில்லை.

அக்காவின் சாவை விசாரிக்க வந்த நீங்கள், மாடலில் பிழை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. மடை இருபத்தாறு நாள் மூடியிருக்கும் என்று அது சரியாகவே சொன்னது. ரெண்டு நாள் என்று அக்காவிடம் நான் சொன்னபோது, அந்த எண் என் முன்னால் திரையில் இருந்தது.