ஏழாவது அத்தியாயம்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று அமெரிக்காவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊர் பிலாக்சியில் ஒரு பேர் உண்டு. முப்பது வருஷம் இரும்புக்கடை வைத்திருந்தேன். எந்தக் கீல் கடல்காற்றில் துருப்பிடிக்கும், எது தாங்கும் என்று வாங்க வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, மரியாதை கூடியது. இந்த வெர்னன் ஹட்சின்ஸ் போர் நினைவுகளை எழுதியிருக்கிறான் என்றதும் ஊரே அதை நம்பி வாங்கியதற்கு அந்தக் கடையும் ஒரு காரணம்.

புத்தகம் 1981-இல் வந்தது. 1945-இல் மரைன் படையில் இருபது வயதுச் சிப்பாயாக ஜப்பானின் ஒக்கினாவா தீவில் நான் பட்டதையெல்லாம் எழுதியிருந்தேன். மழை, சேறு, காலணிக்குள் நெளிந்த புழு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் வந்து மொய்க்கும் ஈ எல்லாம் உண்மை. ஏழாவது அத்தியாயத்தைப் பற்றி மட்டும்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அது எமில் கிட்ரியைப் பற்றியது. பக்கத்து மாநிலமான லூசியானாவின் சதுப்புக் கரையில் இறால் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. இரண்டரை மாதம் நானும் அவனும் ஒரே பதுங்குகுழியில் படுத்தோம். தன் பங்குச் சிகரெட்டை என்னிடம் தள்ளிவிட்டு என் பங்குப் பீச் பழ டப்பாவை வாங்கிக்கொள்வான். "நீ ஊதிச் சாவு, நான் தின்னு சாவுறேன்" என்பான்.

ஜூன் மாதம், தீவின் தென்கோடியில், வெள்ளைத் துணியைக் காட்டியபடி குகையிலிருந்து வெளியே வந்த ஊர்க்காரர்களை எமில் பதற்றத்தில் சுட்டுவிட்டான் என்று எழுதினேன். மறுநாள் மனசு தாங்காமல், ஜப்பான்காரன் ஒருவன் குறிபார்த்துக் காத்திருக்கிறான் என்று தெரிந்தே, கரும்புக் காட்டு வழியாக நடந்துபோய் உயிரை விட்டான் என்றும் எழுதினேன். அவனைப் பழிக்காதீர்கள், அவனைக் கெடுத்தது போர் என்று முடித்திருந்தேன். நூலகங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் என்னை அந்த அத்தியாயத்தைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். கடைசிப் பக்கத்தில் என் குரல் உடையும். முதல் தடவை அது தானாக உடைந்தது. அப்புறமெல்லாம் நான்தான் உடைத்தேன்.

சுட்டது நான்.

ஒரு கிழவர், இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தியின் முதுகில் துணியால் கட்டிய குழந்தை. நானும் எமிலும் மட்டும்தான் அங்கே இருந்தோம். கிழவர் ஒரு மூங்கில் கழியில் துணியைக் கட்டி ஆட்டிக்கொண்டு வந்தார்.

"துணி காட்டுறாங்கடா, வெர்ன்" என்றான் எமில்.

"பாத்தேன்" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் சுட்டேன். எட்டுத் தோட்டாவும் தீர்ந்து அவற்றைக் கோத்திருந்த காலித் தகடு துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுகிற வரைக்கும்.

சரணடைவதுபோல் வந்து கையெறி குண்டு வீசியவர்கள் உண்டு, அந்தப் பயத்தில் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அப்படி ஒரு சம்பவத்தை நான் கேள்விப்பட்டதே அதற்கு ஒரு வாரம் கழித்து, மருத்துவக் கூடாரத்தில். குகை வாசலில் எனக்குப் பயமில்லை. சரணடைந்தவர்களைப் பின்னால் இருந்த முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. இரண்டு மைல். முழங்கால் வரை சேறு. கிழவர் மெதுவாக நடப்பார், குழந்தை அழும். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்திருந்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது.

இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கக் கூடாதா என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்தேன்.

அன்று ராத்திரி எமிலிடம் பீச் டப்பாவை நீட்டினேன். வாங்கவில்லை. மறுநாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"லெப்டினன்ட்கிட்ட நீயே போய்ச் சொல்லிடுடா. அதான் உனக்கும் நல்லது."

"சொல்லலைன்னா?"

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் சொல்லிடுவேன். எனக்கும் வேற வழியில்ல, வெர்ன். அந்தப் புள்ளையோட முகம் கண்ணுலயே நிக்குது."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான்.

அதற்கு அரைமணி முன்னால் சார்ஜென்ட் மக்ரேடி வந்துபோயிருந்தார். எமில் அப்போது கழிப்பிடத்துக்குப் போயிருந்தான். "கரும்புக் காட்டுப் பக்கம் எவனும் தலைகாட்டாதீங்க. விடிஞ்சதுலேருந்து ரெண்டு பேரு விழுந்துட்டானுங்க. தண்ணிக்குப் போறவன் கீழ வாய்க்கால் வழியாப் போகணும். கிட்ரி வந்தா சொல்லிடு" என்றார். சரி சார் என்றேன்.

எமில் எழுந்து தண்ணீர்க் கேன்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டான். என் முறை அது. என்னை உட்காரச் சொல்லி அவனே கிளம்பினான்.

"கரும்புக் காட்டு ஓரமாப் போயிட்டு வந்துடுறேன். கிட்டக்கதானே."

"சீக்கிரம் வா. தாகமா இருக்கு" என்றேன்.

நான் அவனைத் தள்ளவில்லை. அந்த வழியாகப் போ என்று சொல்லவும் இல்லை. சட்டம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அடுத்து காலிக் கேன் உருளும் சத்தம். மக்ரேடி ஓடிவந்து, "அவன்கிட்ட சொன்னியா இல்லையா?" என்று கேட்டார். சொன்னேன் சார், கேக்கல என்றேன். எமில் தெரிந்தே போனான் என்ற கதை அந்த நிமிஷத்தில் பிறந்தது. முப்பத்தாறு வருஷம் கழித்து அதற்கு அட்டை போட்டு விற்றேன், அவ்வளவுதான்.

புத்தகம் வந்த அடுத்த வருஷம் எமிலின் தங்கை ஒடில் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அண்ணனுக்கு இருந்த அதே மேடான நெற்றி. கையில் ஒரு ஜாடி அத்திப்பழ ஜாம்.

"அம்மா குடுத்தனுப்பினாங்க. அவனைக் கடைசியாப் பாத்தவரு நீங்கன்னு" என்றாள்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மிஸ்டர் ஹட்சின்ஸ், எங்கண்ணனுக்குக் கோழி கழுத்தைத் திருகக்கூட மனசு வராது. அவனா சுட்டான்?"

"போர்ல யாரு என்ன ஆவாங்கன்னு சொல்ல முடியாதும்மா."

"சரி, அதை விடுங்க. அவன் தெரிஞ்சேதான் போனானா? அம்மா அது ஒண்ணுதான் கேக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு வருஷமும் அவன் பொறந்த நாளைக்கு சர்ச்சுல பூசை வைப்பாங்க. இப்ப ஃபாதர்கிட்ட போய்க் கேக்கவே வெக்கப்படுறாங்க. தானா உயிரை விட்டவனுக்கு மோட்சம் இல்லைன்னு அழுவுறாங்க. தெரியாமப் போயிருக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். ஆனால் எமிலுக்குத் தெரியாது என்றால், அவனுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். கடையில் ஆள் இருந்தது. இரண்டாம் பதிப்பு அச்சில் இருந்தது.

"தெரிஞ்சுதாம்மா போனான். நான் எவ்வளவோ தடுத்தேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தாய் அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறந்துபோனாள். கடைசிவரை மகனுக்குப் பூசை வைக்கவில்லை என்று கேள்வி. ஜாம் நன்றாக இருந்தது. ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது.

ஆக, அந்தக் குகை வாசலில் குழந்தையையும் சேர்த்து நான்கு பேரைக் கொன்றவன் நான். எமிலைச் சாகவிட்டவனும் நான். அவன் பேரில் கொலையையும் தற்கொலையையும் எழுதிவைத்து, அவனுடைய தாயை அப்படியே சாகவிட்டவனும் நான்தான். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பேசப் போனால் வகுப்பே எழுந்து நிற்கிறது.

மேலே இருப்பதை எழுதி முடித்து நான்கு வருஷமாகிறது. பதிப்பாளருக்குப் போகவேண்டிய உறையில் முகவரிகூட எழுதிவிட்டேன். ஒடில் இருக்கிறாளே என்றுதான் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அவளுக்கு இதயம் பலவீனம் என்று சொல்கிறார்கள், இன்னும் ரொம்ப நாள் தாங்காதாம். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்தது போதும். அவள் காலம் முடிகிற வரைக்கும் பொறுத்திருப்பதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.